கன்சோலில் ஆன்லைன் ஆர்பிஜி: கதையைப் படிக்க விடாத திரைகள் - உங்கள் அனுபவம் என்ன?

ஒரு பாத்திரமாக மாறிக் கதைக்குள் போகும் ஆர்பிஜி விளையாட்டுகளை நான் ஆடுவதே கதைக்காகத்தான். லெவல், அரிய வாள், பறக்கும் குதிரை எல்லாம் எனக்கு அப்புறம். ஆனால் ஆன்லைன் ஆர்பிஜிகளை டிவியில் இணைக்கும் கன்சோலில் ஆட ஆரம்பித்ததிலிருந்து அதிகம் கைநழுவிப் போவது கதைதான். நான் கவனிக்காமல் இல்லை. திரை கவனிக்க விடுவதில்லை.

சமீபத்தில் நடந்தது இது. கதை முழுக்கக் கூடவே வந்த ஒரு பெரியவர் கோட்டை வாசலில் குத்துப்பட்டு விழுகிறார். உயிர் போகும் முன் தன் மகளைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறார். குரல் கிடையாது, எழுத்து மட்டும். அதுவும் திரையின் அடியில் பொடிப்பொடியாக. அதே நேரத்தில் வலது ஓரத்தில் புதிய கையுறை கிடைத்ததாக ஒரு பெட்டி. மேலே வார இறுதிப் போட்டிக்கான அறிவிப்புப் பட்டை. போதாததற்கு, முன்பின் தெரியாத ஒருவர் என்னைப் பார்ட்டிக்கு, அதாவது சேர்ந்து ஆடும் குழுவுக்கு, அழைக்கிறார். அந்த அழைப்பை மறுக்கும் பட்டனும் வசனத்தை அடுத்த வரிக்குத் தள்ளும் பட்டனும் ஒன்றே. அழைப்பு போனது, கூடவே பெரியவரின் கடைசி வார்த்தையும் போனது.

சரி, விளையாட்டு தரும் பணிகளைக் குறித்துவைக்கும் குவெஸ்ட் பதிவில் படித்துக்கொள்ளலாம் என்று தேடினேன். முதலில் மெனு பட்டன், பிறகு ஒரு வட்ட மெனு, அதில் புத்தகப் படம், அதற்குள் முடிந்த குவெஸ்ட்டுகளின் பக்கம், அதற்கும் உள்ளே ஊர் வாரியாகப் பட்டியல். இத்தனையும் தாண்டிப் போனால் இருந்தது இரண்டே வாக்கியம். கோட்டை வாசலை அடைந்தாய், பெரியவர் இறந்தார். மகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்தக் காட்சியை எழுதியவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. எழுத்து நன்றாகத்தான் இருந்தது. கணினி மானிட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, டிவியோ அறையின் எதிர்ப்பக்கத்தில். அங்கே வைத்த எழுத்தை அதே அளவில் இங்கே வைத்தால் யார் படிப்பது? கதை மோசம் என்று நாம் திட்டும் பல விளையாட்டுகளில், பாதிப் பழி திரையமைப்பைச் சேரும் என்பது என் உறுதியான எண்ணம்.

சேர்த்த பொருள்களை அடுக்கிவைக்கும் இன்வென்டரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2014இல் வெளிவந்த டெஸ்டினி, கன்சோல் மெனுவில் கன்ட்ரோலரின் குச்சியால் நகர்த்தும் கர்சரைக் கொண்டுவந்தது. அதில் கட்டங்கள் பெரியவை, கர்சர் கட்டத்தின் மேல் வந்ததும் வேகம் குறையும், அதனால் கைக்குப் பழகியது. பின்னால் வந்த பல விளையாட்டுகள் கர்சரை மட்டும் எடுத்துக்கொண்டு, கட்டங்களை மவுஸுக்கு ஏற்ற அளவிலேயே விட்டுவிட்டன. நான் ஆடும் ஒன்றில் ஒரு பொருளை விற்றதும் கர்சர் பட்டியலின் தலைக்கே திரும்பிவிடும். அடுத்த பொருளுக்கு மறுபடியும் கீழே இறங்க வேண்டும். ஒரு குகையை முடித்து வந்தால் சண்டை போட்ட நேரத்தைவிடக் கடையில் நிற்கும் நேரம்தான் அதிகம். அதற்குள் எதற்காக அந்தக் குகைக்குப் போனோம் என்பதே மறந்துபோகிறது.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

* * *

நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் கன்ட்ரோலரைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அதில் பட்டன் போதாது என்பார்கள். ஃபைனல் ஃபேன்டசி 14 தன் புதிய வடிவில் 2013இல் பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3) கன்சோலுக்கு வந்தபோது அந்தப் பேச்சுக்கு ஒரு பதில் கிடைத்தது. எல்2 பட்டனைப் பிடித்தால் எட்டு ஸ்கில், ஆர்2 பட்டனைப் பிடித்தால் இன்னொரு எட்டு. பட்டன்கள் கன்ட்ரோலரில் எப்படி இருக்கின்றனவோ அதே வடிவில் திரையிலும் படங்கள். சில நாளில் விரல் தானாகப் போகும், கண் கதையின் பக்கம் இருக்கும்.

அதற்கும் முன்னால் போங்கள். 2000இல் ட்ரீம்காஸ்ட் கன்சோலில் வந்த ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைனில், கீபோர்டு இல்லாதவர்கள் பட்டியலிலிருந்து சொற்களைப் பொறுக்கி வாக்கியம் அமைக்கலாம். அது எதிரில் இருப்பவரின் மொழியில் அவருக்குத் தெரியும். 2002இல் பிஎஸ்2இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 11இலும் இதுபோல ஒரு மொழிபெயர்ப்பு வசதி இருந்தது. கையில் கன்ட்ரோலர் மட்டும் வைத்திருப்பவரும் மனிதர், அவருக்கும் பேச வேண்டியிருக்கும் என்று அப்போதே யோசித்திருக்கிறார்கள்.

அதற்குப் பல வருடம் கழித்து, 2015இல், எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் கன்சோலுக்கு வந்தபோது எழுத்துச் சாட்டே இல்லை, குரல் மட்டும்தான்.

இதே குறை உள்ள வேறொரு விளையாட்டில்தான் எனக்குப் பெரிய வருத்தம். நான் ஆடுவது இரவில், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு. வாய் திறந்து பேச முடியாது. பெரிய எதிரியோடு மோதும் ஒரு பாஸ் சண்டையில் புதிதாக வந்தவர் திரும்பத் திரும்பத் தீ வட்டத்துக்குள்ளேயே போய் நின்றார். 'தூணுக்குப் பின்னால் வா' என்று சொன்னால் போதும், பிழைத்துக்கொள்வார். நான் தூணருகே போய்க் குதித்துக் காட்டினேன், கையசைத்துக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பார்ட்டியை விட்டே போய்விட்டார். அவர் அந்த விளையாட்டையே விட்டிருக்கவும் கூடும்.

* * *

எனக்குத் திரையைவிடக் கூட ஆடுபவர்கள்தான் பிரச்சினை. அதாவது, அவர்கள் அவசரப்படுவதற்கு ஏற்றாற்போல் விளையாட்டை அமைத்ததுதான் பிரச்சினை. குழுவாகப் போகும் ஒரு டஞ்சனில் வில்லன் ஏன் கெட்டவனானான் என்று நீளமான கட்ஸீன், அதாவது ஆடாமல் பார்க்க மட்டும் வேண்டிய கதைக் காட்சி. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் அதைத் தாண்டிப்போய் அவனை அடித்து முடித்துவிட்டார்கள். கட்ஸீன் முடிந்து நான் உள்ளே வந்தால் காலி அறை, திறந்த பெட்டி. அவன் எப்படிச் செத்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மேலே சொன்ன ஃபைனல் ஃபேன்டசி 14இலும் இந்தத் தலைவலி இருந்தது. முதல் பாகத்தின் உச்சக்கட்டக் கதையைச் சொல்லும் இரண்டு டஞ்சன்களில், புதியவர்கள் கட்ஸீன் பார்க்கும்போது பழையவர்கள் ஓடிவிடுவார்கள். பிறகு யாருமே கட்ஸீனைத் தாண்ட முடியாதபடி மாற்றினார்கள். அதன்பின் பழையவர்கள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். 2022இல்தான் எட்டுப் பேருக்கான அந்த டஞ்சன்களை நான்கு பேருக்கென்று திருத்தி அமைத்தார்கள். விளையாட்டு வெளியாகிப் பல வருடம் கழித்தாவது கதைக்காக இவ்வளவு வேலை பார்த்தார்களே, அதை மனதாரப் பாராட்டுகிறேன்.

* * *

உங்களுக்காவது கதை திரையில் இருந்தது. என் தம்பிக்கு அதுவும் கிடைக்கவில்லை. நான் சொல்லிச் சொல்லித்தான் டெஸ்டினி 2 ஆரம்பித்தான். 2017இல் அது வந்தபோது இருந்த முதல் கதையை, நகரம் விழுந்து நம் சக்தியெல்லாம் பறிபோகும் அந்தப் பகுதியை, 2020 நவம்பரில் விளையாட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அவனிடம் என்பிசிகள் (விளையாட்டே இயக்கும் பாத்திரங்கள்) எல்லாம் பழைய நண்பர்கள் மாதிரி பேசுகிறார்கள், இவனுக்கோ யாரையுமே தெரியாது. 'அண்ணா, இந்த ஆள் யார், ஏன் இவ்வளவு சோகமாக இருக்கிறார்?' என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொன்னேன். காசு கொடுத்து வாங்கியவர்கள் ஆடிய கதை அது. நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதல் டெஸ்டினியிலும் பின்கதை முழுக்கக் கார்டுகளாக இருந்தது. கார்டு விளையாட்டுக்குள் கிடைக்கும், ஆனால் அதைப் படிக்க கன்சோலை விட்டு இணையதளத்துக்கோ போன் செயலிக்கோ போக வேண்டும். அருமையான எழுத்து அதில் இருந்தது. அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டவர்கள் மட்டும்தான் படித்தார்கள்.

* * *

முதலில் எழுதிய நண்பருக்கு உதவுமா என்று பாருங்கள். பல விளையாட்டுகளில் சப்டைட்டில் அளவும் சாட் எழுத்தளவும் தனித்தனி மெனுவில் இருக்கும், ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது. இரண்டையும் தேடிப் பாருங்கள். கதைக் காட்சி வரப்போகிறது என்று தெரிந்தால் பார்ட்டி அழைப்புகளைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள். அந்த வசதி பெரும்பாலும் சோஷியல் செட்டிங்ஸுக்குள் ஒளிந்திருக்கும். கன்சோலில் யுஎஸ்பி கீபோர்டைச் செருகினால் சாட்டுக்கு ஏற்றுக்கொள்ளும் விளையாட்டுகளும் உண்டு, இரவில் ஆடும் நண்பர் முயன்று பார்க்கலாம்.

டிவியில் ஓரங்கள் வெட்டுப்படுகின்றனவா என்றும் கவனியுங்கள். படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு ஆன் ஆகியிருந்தால் திரையின் அடிவரி பாதி மறைந்துவிடும். என் வீட்டில் அதை ஆஃப் செய்த பிறகுதான் வசனப் பெட்டியின் மூலையில் ஒரு சிறிய அம்புக்குறி இருப்பதே தெரிந்தது. அதை அழுத்தினால் போன வசனங்கள் வரிசையாக வரும். உங்கள் விளையாட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.