கேம் ஆடும்போது மட்டும் ரீஸ்டார்ட்: மதர்போர்டு மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு (வேகம் 3200), ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி), விண்டோஸ் 10. கேம் தொடங்கி 10, 15 நிமிடத்தில் திரை கறுத்து ரீஸ்டார்ட் ஆகிறது. நீலத் திரை வருவதில்லை. மற்ற வேலைகளில் பிரச்சினை இல்லை. போர்டு போய்விட்டது என்கிறார் கடைக்காரர். வாங்குமுன் எதையெல்லாம் பார்க்கலாம்?

பதில் 1:
போர்டுக்கு இப்போதே காசு கொடுக்காதீர்கள். ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) சிஸ்டம் பகுதியில் கெர்னல்-பவர் 41 பதிவைத் திறந்து, டீடெய்ல்ஸில் பக்செக்கோடு என்ற பிழை எண்ணைப் பாருங்கள். 0 என்றால் பிழையைக் குறித்து வைக்கக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. மின்சாரம் அல்லது சூடு முதல் சந்தேகம். 41 வந்ததாலேயே எஸ்எம்பிஎஸ் கெட்டது என்று ஆகிவிடாது. ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டுமே அதற்குப் பொருள்.

பதில் 2:
ரேம் மீதான சந்தேகத்தையும் இதோடு சேர்த்துத் தீர்த்துவிடுங்கள். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை அணைத்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி 4 சுற்று ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். வந்தால் ஒவ்வொரு ரேமாக, ப்ராசஸரிலிருந்து இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது.

பதில் 3:
லோடு ஏறும்போது மட்டும் விழுவதால் எனக்கு எஸ்எம்பிஎஸ் மேல்தான் கண். செலவில்லாத சோதனை ஒன்று: கிராபிக்ஸ் கார்டின் அமைப்பை மாற்றும் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதமாகக் குறையுங்கள். 125 வாட் கார்டு 88 வாட் அளவோடு நிற்கும். அப்போது ரீஸ்டார்ட் நின்றால் சந்தேகம் வலுக்கிறது. யுபிஎஸ் இருந்தால் அதை விட்டு நேராகச் சுவர் பிளக்கில் மாட்டியும் பாருங்கள். மல்டிமீட்டரில் எஸ்எம்பிஎஸ்ஸின் 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்க வேண்டும். ஆனால் நொடிப்பொழுதில் விழுந்து எழும் வோல்டேஜை மீட்டர் காட்டாது.

கேள்வி கேட்டவர்:
பக்செக்கோடு 0. மெம்டெஸ்ட் 4 சுற்றும் சுத்தம். ப்ராசஸர் 72 டிகிரி. சுவர் பிளக்கிலும் விழுந்தது. 70 சதவீதத்தில் இரண்டு மணி நேரம் ஓடியும் விழவில்லை.

பதில் 3:
நண்பர் யாரிடமாவது 550 வாட் எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கி, லிமிட்டைப் பழையபடி 100க்கு ஏற்றி ஓட்டுங்கள். ரீஸ்டார்ட் நின்றால் எஸ்எம்பிஎஸ் மட்டும் வாங்கினால் போதும். அதிலும் விழுந்தால் கார்டை இன்னொரு மெஷினில் போட்டுப் பார்த்த பிறகே போர்டைப் பற்றி யோசியுங்கள். இரவல் எஸ்எம்பிஎஸ் மாட்யுலர் (கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை) என்றால் அதனுடைய கேபிள்களையே போடுங்கள். பழைய கேபிள் பொருந்தும், ஆனால் பின் வரிசை வேறாக இருந்தால் ஹார்ட் டிஸ்க் புகைந்துவிடும்.