நானுஓயா குட்டிக் கோச்சி: சிரமதானத்தில் மீளுமா?

கல்லடிப்பாலம்: இலங்கை மலைநாட்டில் நானுஓயாவில் இருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஒரு குட்டிக் கோச்சி (ரயில்) ஓடியது. 1903-04இல் திறந்தார்கள், 1940களில் மூடினார்கள். வேல்ஸில் இதைவிட ஒடுக்கமான ஃபெஸ்டினியோக் பாதை 1946இல் நின்றது. 1954இல் ஆர்வலர்கள் கையில் எடுத்தார்கள். 1982இல் பழைய பாதை முடிந்த ஊர் வரை கோச்சி போய்விட்டது. நாமும் சம்பளமில்லாமல் சேர்ந்து ஒரு மைல் பாதையாவது போட்டால் என்ன? சிரமதானம் நமக்குப் புதுசா?

கல்முனைக்கரை: தம்பி, 1928இல் மட்டக்களப்புக்கு வந்த கோச்சி இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. தெற்கே 40 கிலோமீற்றரில் கல்முனையில் இருக்கிற எங்களுக்கு இன்னும் வரவில்லை. பொத்துவில் வரை போடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. கோச்சியில் ஏற நாங்கள் பஸ் பிடித்து வருகிறோம். நீங்கள் மலையில் போய் உல்லாசப் பயணிக்குக் கட்டை சுமக்கக் கூப்பிடுறீங்க.

கல்லடிப்பாலம்: நானா, கல்முனைப் பாதை அரசாங்கத்தின் வேலை. அதைச் சிரமதானத்தில் போட விடமாட்டார்கள், விடவும் கூடாது. குட்டிப் பாதை அப்படியில்லை.

சிலிப்பர்கட்டை: ரெண்டு பேரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஃபெஸ்டினியோக் 1832இல் பாராளுமன்றச் சட்டத்தால் வந்த கம்பனி. பாதையைக் கைவிட அந்தச் சட்டத்தில் வழியே வைக்கவில்லை. அதனால் தண்டவாளத்தைக் கழற்றி விற்க முடியாமல் பற்றைக்குள் அப்படியே விட்டுவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் பற்றையை வெட்டினார்கள், பாதை கிடைத்தது. நானுஓயாவில் எல்லாம் கழற்றியாச்சு. எதை மீட்கப் போறீங்க?

கல்லடிப்பாலம்: ஃபெஸ்டினியோக்கிலும் ஒரு துண்டு நீர்மின் தேக்கத்துக்குள் மூழ்கிப் போனதே அண்ணன். அதைச் சுற்றிக் கிட்டத்தட்ட 4 கிலோமீற்றர் புதுப்பாதை வெட்டினார்கள். 1965இல் தொடங்கி 1978 வரை. பெரும்பாலும் சம்பளமில்லாத ஆட்கள்.

சிலிப்பர்கட்டை: ஓம், மண் வெட்டியது அவர்கள்தான். ஆனால் அதில் வருகிற சுரங்கத்தைக் குடைந்தது கூலிக்கு வந்த சுரங்கத் தொழிலாளிகள். அதையும் சொல்லுங்க. மலைப்பாதையில் தண்டவாளம் பதிப்பது சின்ன வேலை. தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி, சல்லிக்கல் போட்டு இறுக்காவிட்டால் முதல் மாரிக்கே மண் சரிந்து எல்லாம் பள்ளத்தில் கிடக்கும். பிறகு வருசா வருசம் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிற கட்டை மாற்ற வேண்டும். நம்ம சிரமதானம் காலையில் தொடங்கி மத்தியானச் சோற்றுப் பார்சலோடு முடிகிறது. அவர்கள் அந்த ஒரு துண்டுக்கே 13 வருசம் போனார்கள்.

கல்லடிப்பாலம்: சரி, ஒரு மைல் வேண்டாம். நூறு மீற்றர்?

கல்முனைக்கரை: நூறு மீற்றரில் கோச்சி எங்கே போகும் தம்பி, முன்னுக்கும் பின்னுக்குமா? முதலில் கல்முனைக்கு ஒரு ஸ்டேஷன் வரட்டும். அங்கிருந்தே ஏறி மண்வெட்டியோடு உங்களோடு வாறேன்.

சிலிப்பர்கட்டை: அதுவரைக்கும் மண்வெட்டி துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்க நானா.