பதில்: மைதான டிராக்டர் வசூல் – பணம் அனுப்பும் முன்

எல்லோருக்கும் வணக்கம்.

செயலாளர் மாமாவின் மடலைப் பார்த்தேன். நம் சங்கம் ஊர்ப் பள்ளி மைதானத்துக்கு அனுப்பிய புல் வெட்டும் டிராக்டரில் ஹைட்ரோ, அதாவது ஆயிலைத் தள்ளிச் சக்கரத்தை ஓட்டும் யூனிட், போய்விட்டது, யூனிட்டையே மாற்ற வேண்டும், ஆளுக்கு இவ்வளவு என்று எழுதியிருக்கிறார். கையில் இருக்கும் ஆதாரம், ஊருக்குப் போன அக்கா எடுத்து அனுப்பிய சின்ன வீடியோவும் அவர் கேட்டு வந்த நாலு வார்த்தையும்தான். பிழைப்பே இந்த வண்டிகளோடு என்பதால் சொல்கிறேன்: யாரும் இப்போதைக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

கிளப்பியதும் நன்றாக ஓடுகிறது, கொஞ்ச நேரம் புல் வெட்டியதும் மேட்டில் ஏற மாட்டேன் என்கிறது என்றாராம் ஓட்டுகிற பையன். வீடியோவில் சக்கரம் நிற்கும்போது எஞ்சின் துளியும் திணறவில்லை. அப்படியானால் இழுவை நடுவில் எங்கோ நழுவுகிறது. பெல்ட்டில் நழுவலாம், ஆயிலில் நழுவலாம்.

இதில் மாற்றிப் போட கியர் கிடையாது. எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்புக்குள் சாய்கிற தட்டு ஒன்று உண்டு. மிதியை அழுத்த அழுத்தத் தட்டு சாயும், பிஸ்டன்கள் அதிக ஆயிலைத் தள்ளும், அந்த ஆயில் மோட்டாரைச் சுற்றிச் சக்கரத்தை ஓட்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ரிவர்ஸ், நேராக நின்றால் வண்டி நிற்கும். பாகங்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளிதான். ஆயில் சூடாகி இளகினால் அந்த வழியே ஒழுகி வலு போய்விடும். அதனால்தான் காலையில் குதிரை, மத்தியானம் நொண்டி.

இது தேய்மானத்தின் அடையாளம் என்று மெக்கானிக் சொன்னது பொய்யில்லை. ஆனால் ஆயில் குறைந்தாலும், தப்பான ஆயில் ஊற்றினாலும், ஃபில்டர் அடைத்தாலும் இதே கூத்துதான் நடக்கும். யூனிட்டைக் கழற்றும் முன் அதையெல்லாம் பார்த்தாரா? மடலில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பின்பக்கத் தகட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பம்பின் தலையில் ஒரு பிளாஸ்டிக் விசிறி இருக்கும், அதன் கீழே சூடு தணிய வரிவரியாக வார்த்த தகடுகள். பழைய வண்டிகளில் வெட்டிய புல்லும் மண்ணும் கசிந்த ஆயிலில் குழைந்து அந்த வரிகளை மூடிக் கெட்டியாகிக் கிடக்கும். விசிறியில் ரெண்டு இதழ் உடைந்திருந்தாலும் வெளியே தெரியாது. பெல்ட்டின் ஓரம் பளபளவென்று இருந்தால் அது வழுக்குகிறது. டென்ஷன் ஸ்பிரிங்கையும் பார்க்கட்டும்.

பின்னால் பைபாஸ் கம்பி ஒன்று இருக்கிறது. கையால் தள்ளுவதற்காக இழுத்துவிடுவது. அது முழுசாகத் திரும்பாமல் பாதியில் நின்றால் ஆயில் மோட்டாருக்குப் போகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மழையில் வண்டியைக் கொட்டகைக்குத் தள்ளிப்போனவர்கள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதை இப்போது வேண்டாம்.

கடைசியாக ஊற்றியது என்ன ஆயில்? பொருளாளர் அண்ணன்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

*

தம்பி, கோப்பைப் பார்த்துவிட்டேன். போன தடவை சர்வீஸ் என்று எழுதிய செலவில் 'ஹைட்ராலிக் ஆயில் 68' என்று ஒரு பில். ஃபில்டர் வாங்கியதாக எதுவுமே இல்லை, ஆனால் சர்வீஸ் கணக்கில் 'ஃபில்டர் உட்பட' என்று எழுதியிருக்கிறது. இந்த வித்தியாசத்தை நான் அப்போதே கேட்டேன், பதில் வரவில்லை. தண்ணீர்த் தொட்டி கணக்கும் இன்னும் முடியவில்லை என்பதைச் செயலாளருக்கு நினைவூட்டுகிறேன்.
– பொருளாளர்

*

கணக்கு கணக்கு என்று இன்னும் எத்தனை நாள்? பழைய வண்டியைக் கப்பலேற்றியபோதே வேண்டாம் என்றேன். நம் சங்கத்தின் பெயர் எழுதிய வண்டி மைதானத்தின் நடுவில் நிற்கிறது, பள்ளிப் பிள்ளைகள் தள்ளுகிறார்கள். அந்த மைதானத்தில் நாங்கள் பந்து விளையாடியபோது புல்லே கிடையாது, வெறும் முள். புதுசு வாங்குங்கள், என் பங்கு முதலில் வரும். என் அண்ணன் மருத்துவச் செலவுக்கு இந்தச் சங்கம் எவ்வளவு கொடுத்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.
– சித்தப்பா

*

சித்தப்பா, அதைத் தனியாகப் பேசுவோம், போன் செய்கிறேன்.

அண்ணன் சொன்ன பில்லில்தான் விஷயம் இருக்கிறது. 68 என்பது 40 டிகிரியில் அந்த ஆயிலின் கெட்டித்தன்மை. நம் வண்டிக்குக் கையேடு கேட்பது 20டபிள்யூ50 எஞ்சின் ஆயில். 100 டிகிரியில் இரண்டையும் வைத்தால் 68 அதில் பாதி கெட்டித்தன்மைதான் இருக்கும். எல்லா வண்டிக்கும் 20டபிள்யூ50 என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கப் கேடட் என்ற கம்பெனியின் பழைய வண்டிகளுக்கு ஹை-டிரான் என்றே தனி ஆயில். கையேட்டில் உள்ளதுதான் சட்டம்.

மெக்கானிக்கிடம் இப்படிச் சொல்லுங்கள். பழைய ஆயிலை ஒரு வெள்ளைப் பாத்திரத்தில் வடிக்கட்டும். பால் மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. பழைய ஃபில்டரை அறுத்து விரித்துப் படம் அனுப்பட்டும். புது ஃபில்டர், சரியான ஆயில் போட்டபின் உள்ளே பிடித்த காற்றை எடுக்க வேண்டும்: முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பைபாஸைத் திறந்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு மிதியை முன்னும் பின்னும் ஐந்தாறு தடவை. பிறகு நிறுத்தி, பைபாஸை மூடி அதையே மறுபடியும். ஆயில் இறங்கியிருக்கும், நிரப்ப வேண்டும். ஊளைச் சத்தம் நிற்கும்வரை இதுதான் வேலை. இதைச் செய்யாமல் நேரே மேட்டுக்கு ஓட்டினால் புது ஆயிலும் வீண்.

அப்புறம் நன்றாகச் சூடாகும்வரை வெட்டிவிட்டு மேட்டில் ஏற்றிப் பார்க்கட்டும். அப்போதும் நின்றாலோ, ஃபில்டரில் பித்தளை நிறப் பொடி இருந்தாலோ, பம்ப் தேய்ந்திருக்கிறது. மாமாவின் வசூலுக்கு நானே முதல் பெயர். படம் வரும்வரை ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் மட்டும் அண்ணன் கையிருப்பிலிருந்து கொடுக்கட்டும், இந்தத் தடவை ரெண்டுக்கும் தனித்தனி பில்லோடு.