மறு: ‘பஃபரிங்’ – படம் நிற்பதைத் தேக்கம் எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

படமோட்டியின் (கணினியில் படம் ஓட்டும் செயலியின்) தமிழாக்கக் கோப்பில் ‘பஃபரிங்’ வரும் இடங்களில் என்ன சொல் போடுவது என்று மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘தேக்கம்’ என்பதற்கு நான்கு பேர் ஆதரவு தந்திருக்கிறீர்கள். படம் ஓடாமல் தேங்கி நிற்கிறது, ஆகவே தேக்கம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை இந்தப் பொருளில் ஏற்றிவிட்டால் பின்னால் பெரிய குழப்பம் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணத்தை என் வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு சிறிய கணினி வைத்திருக்கிறேன். வீட்டரங்குக் கணினி என்று போன மாதம் இங்கே ஒப்புக்கொண்டோமே, அதுதான். அதற்குள் படம் எதுவும் கிடையாது. படங்களெல்லாம் உள்ளறையில் இருக்கும் இன்னொரு கணினியின் வட்டில். இரண்டையும் வீட்டுப் பிணையத்தில் இணைத்துவிட்டால் அங்கே இருப்பதை இங்கே பார்க்கலாம். முதலில் இரண்டையுமே வைஃபையில் இணைத்தேன். கோப்புறையைப் பகிர்ந்ததும் பட்டியல் வந்தது, அட்டைப்படங்கள்கூட அழகாக வந்து வரிசையில் நின்றன. படம் ஓடத் தொடங்கிப் பத்தாவது நிமிடத்தில் வட்டம் சுழல ஆரம்பித்தது.

இரண்டு கணினியும் வைஃபை என்றால் படத்தின் ஒவ்வொரு தரவுத் துணுக்கும் காற்றில் இரண்டு முறை போக வேண்டும்: உள்ளறையிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து கூடத்துக்கு ஒரு முறை. ஒரே தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் கிடைக்கிற வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இது புரிந்ததும் இரண்டு பக்கமும் கேபிள் இழுத்துவிட்டேன். அதன்பின் சாதாரண புளூரே பிரதிகள் நிற்கவே இல்லை. அவற்றில் காட்சிக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரைதான் போகும்.

4கே படங்கள் மட்டும் நின்றன. அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. ஒரு படத்தில் கடலலை பாறையில் மோதித் தெறிக்கும் காட்சி ஒன்று. அதற்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து வெகுநேரம் பேசுகிறார்கள், ஒரு தொல்லையும் இல்லை. அலை மோதியதும் நின்றுவிடும். எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடம். யோசித்துப் பார்த்தால் காரணம் எளிதுதான். ஒரு சட்டத்திலிருந்து (அதாவது ஃபிரேம், படத்தின் ஒரு தனிக்காட்சி) அடுத்த சட்டத்துக்கு மாறாமல் இருப்பதை மறுபடி எழுத வேண்டியதில்லை என்பதில்தான் காணொளிச் சுருக்கமே நிற்கிறது. பேசுகிறவர்களின் பின்னால் இருக்கும் சுவர் மாறுவதில்லை. தெறிக்கும் நீரிலோ ஒவ்வொரு துளியும் ஒவ்வொரு சட்டத்திலும் புதிது. அந்த சில நொடிகளுக்குத் தரவு 100 மெகாபிட்டைத் தாண்டிப் போகிறது.

பிணைய இணைப்பின் வேகத்தைப் பார்த்தேன். 100 என்று காட்டியது. கணினிகளும் ரவுட்டரும் 1000 மெகாபிட் திறன் உள்ளவை, பிறகு ஏன் 100? கேபிளின் பிளக்கைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். தெளிந்த பிளாஸ்டிக்குக்குள் எட்டுக் கம்பிகளில் ஏழு முனைவரை போய் முட்டி நிற்கின்றன, பழுப்புக் கம்பி மட்டும் ஒரு நூலளவு பின்தங்கி நிற்கிறது. 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும், 1000 மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒன்று தொடாததால் என் கருவிகள் தாமாகவே நான்கு கம்பிக்கு இறங்கி வேலை செய்துகொண்டிருந்தன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிளக்கை மாற்றுவதற்கு முன் ஒன்று செய்து பார்த்தேன். படமோட்டி, வரும் தரவை நினைவகத்தில் முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் இடத்தின் அளவு 20 மெகாபைட்டாக இருந்தது. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், எனவே 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். ஆக 20 மெகாபைட் கையிருப்பு ஒன்றரை நொடிக்குச் சற்று அதிகமாகத்தான் தாக்குப்பிடிக்கும். அதை 200 மெகாபைட்டாக்கினேன். கையிருப்பு 16 நொடி ஆயிற்று. கேபிள் அதே பழுதான கேபிள்தான், வேகம் அதே 100தான். அலைக் காட்சி நிற்காமல் ஓடிவிட்டது! அந்த இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போது செலவு குறைவு, வரத்து அதிகம், கையிருப்பு நிரம்பிக்கொண்டே வருகிறது. அலை மோதும்போது வரத்தைவிடச் செலவு கூடுகிறது, மீதியைக் கையிருப்பு கொடுக்கிறது. அலை ஓய்ந்ததும் மறுபடி நிரம்பத் தொடங்குகிறது.

இப்போது ‘தேக்கம்’ என்ற சொல்லைப் பாருங்கள். பஃபர் என்பது அந்தக் கையிருப்பு. அதற்குத் தேக்கம் பொருத்தமான பெயர், நீர்த்தேக்கம் என்கிறோமே, அதே பொருளில். ஆனால் நாம் அதைப் படம் நிற்பதற்குப் பெயராக வைக்கப் போகிறோம். படம் நிற்பது தேக்கம் வறண்டுபோனதால்! இதே கோப்பில் அமைப்புகள் பக்கத்தில் ‘பஃபர் அளவு’ என்றும் ஒரு வரி இருக்கிறது. படம் நிற்கும்போதெல்லாம் திரையில் ‘தேக்கம்’ என்று படித்துப் பழகியவர், அமைப்புகளில் ‘தேக்கத்தின் அளவைக் கூட்டு’ என்று பார்த்தால் என்ன செய்வார்? குறைத்து வைப்பார். படம் இன்னும் அதிகமாக நிற்கும்.

அகராதிகளில் ‘இடையகம்’ இருக்கிறது. நிரல் எழுதுகிறவர்களுக்கு அது போதும். ஆனால் அது எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது, என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லவில்லை. வினையாக்கினால் ‘இடையகப்படுத்துகிறது’ என்று நீள்கிறது. கூடத்தில் உட்கார்ந்து படம் பார்க்கிற யாரும் அப்படிச் சொல்லிக் கேட்கப் போவதில்லை.

என் பரிந்துரை: பஃபருக்கு ‘முன்தேக்கம்’. வட்டம் சுழலும்போது திரையில் ‘நிரம்புகிறது 43%’. விழுக்காடு கூடிக்கொண்டே போவதால் நிரம்புதல் கண்ணுக்கே தெரிகிறது. படமோட்டியின் பதிவேட்டில், பஃபர் காலியாகிவிட்டால் வரும் ‘பஃபர் அண்டர்ரன்’ என்ற பிழைக்கு ‘முன்தேக்கம் வறண்டது’.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

— — —

தம்பி,

நிரம்புகிறது, வறண்டது இரண்டும் எனக்கு உடன்பாடு. தேக்கத்தைப் பற்றி நீங்கள் சொன்னதும் சரி. நானும் முதலில் அதற்குத்தான் ஆதரவு தந்தேன், திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ‘முன்தேக்கம்’ வேண்டுமா என்று யோசியுங்கள். நான் வேதியியல் கற்பித்தவள். ‘பஃபர்’ என்பதற்கு எங்கள் பாடநூலில் நெடுநாளாக ஒரு சொல் இருக்கிறது: தாங்கல். தாங்கல் கரைசலில் சிறிதளவு அமிலமோ காரமோ சேர்த்தாலும் அதன் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) அதிகம் மாறாது. வந்த தாக்குதலைத் தாங்கிக்கொள்ளும். உங்கள் அலைக் காட்சியில் கையிருப்பு செய்ததும் அதுவேதானே?

இன்னொன்று. தாங்கல் என்றால் நீரைத் தாங்கி நிற்கும் சிறிய ஏரி என்றும் பொருள். ஊர்ப்பெயர்களின் ஈற்றில் இன்றும் நிற்கிறது. நீங்கள் நீர்த்தேக்கத்தைத் தேடிப் போனீர்கள், அது இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

— — —

அம்மா,

உங்கள் மடலைப் படித்துவிட்டு அரைமணி நேரம் வேறு வேலை ஓடவில்லை. தாங்கல் என்ற சொல் தெரியும், ஏரி என்ற பொருளும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. முன்தேக்கத்தை விட்டுவிடுகிறேன்.

வேறு இடங்களிலும் நிற்கிறதா என்று போட்டுப் பார்த்தேன். தாங்கல் அளவு, நினைவகத் தாங்கல், தாங்கல் வறண்டது எல்லாம் இயல்பாக வருகின்றன. நிரலில் தாங்கலின் எல்லையைத் தாண்டிப் பக்கத்து நினைவகத்தில் எழுதிவிடும் பிழை ஒன்று உண்டு, பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பேர்போன ‘பஃபர் ஓவர்ஃப்ளோ’. அதைத் ‘தாங்கல் வழிதல்’ எனலாம். கரை தாண்டிய நீர் பக்கத்து வயலைக் கெடுப்பது போலத்தான் அதுவும் பக்கத்து நினைவகத்தைக் கெடுக்கிறது. ஏரியை மனத்தில் வைத்தால் இந்தச் சொல்லும் தானாகவே புரிகிறது.

மனத்தாங்கல் நினைவுக்கு வராதா என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். வரலாம். ஆனால் அங்கே ‘மன’ என்ற முன்சொல் இல்லாமல் யாரும் சொல்வதில்லை. எனக்கு இருக்கும் ஒரே குறை, இதை வினையாக்க முடியவில்லை. ‘தாங்குகிறது’ என்று திரையில் போட்டால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ஆகவே பெயருக்குத் தாங்கல், வினைக்கு நிரம்புதல் என்று இரண்டையும் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

நேற்று இரவு என் படமோட்டியில் மட்டும் மாற்றி வைத்துவிட்டு, அலைக் காட்சி நிற்க வேண்டும் என்பதற்காகவே தாங்கலைப் பழையபடி 20 மெகாபைட்டாக்கி ஓட்டினேன். படம் நின்றது. ‘தாங்கல் நிரம்புகிறது 12%’ என்று வந்தது. பக்கத்தில் இருந்த மகள் படித்துவிட்டு, “எங்கேருந்துப்பா நிரம்புது?” என்று கேட்டாள். உள்ளறையைக் காட்டினேன். சுவரோரமாக வரும் கேபிளைக் கண்ணாலேயே தொடர்ந்து போய், “அப்ப இதுலதான் ஏதோ அடைச்சிருக்கு” என்றாள். ‘பஃபரிங்’ என்ற சொல்லை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள், ஒருநாளும் அந்தக் கேள்வி வந்ததில்லை. பழுப்புக் கம்பியை இன்று காலைதான் சரிசெய்தேன். இப்போது 1000 காட்டுகிறது.

கோப்பில் ‘பஃபர்’ 9 வரிகளில் வருகிறது. எல்லாவற்றையும் மாற்றி வைத்திருக்கிறேன். ஆறாவது வரியில், நேரலை ஒளிபரப்பை நிறுத்தி வைத்துப் பிறகு பார்ப்பதற்கான இடத்தையும் ‘பஃபர்’ என்றே எழுதியிருக்கிறார்கள். அது வட்டில் மணிக்கணக்காகச் சேர்வது, அதையும் தாங்கல் என்றே விடலாமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். மற்ற எட்டையும் ஞாயிறன்று ஏற்றிவிடுகிறேன்.