ஐமவுத்தில் மின்சாரம் போன இரவு

2021 நவம்பர் 26, ஆர்வென் புயல் அடித்த இரவு. ஐமவுத்துக்கு நாங்கள் குடிவந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஸ்காட்லாந்தின் தென்கிழக்கு ஓரம், இங்கிலாந்து எல்லைக்குச் சற்று வடக்கே உள்ள மீன்பிடி ஊர் இது. சுமார் 3,500 பேர் இருப்பார்கள், அவ்வளவுதான். சாயங்காலமே மின்சாரம் போய்விட்டது. ஹீட்டரும் இல்லை, அடுப்பும் இல்லை. கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி கதவைத் தட்டினார். எண்பது வயது. அந்தக் காற்றில் ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் மூடி போட்ட சூப் பாத்திரம். அவர் வீட்டில் கேஸ் அடுப்பு இருந்தது. "இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்? என் வீட்டுக்கு வாருங்கள்" என்றார். மூன்று மாதமாக "குட் மார்னிங்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள்!

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தோம். கடல் இரைவது சுவரைத் தாண்டிக் கேட்டது. "அன்றைக்கும் வெள்ளிக்கிழமைதான்" என்றார் பாட்டி. போன வருஷம் நடந்ததைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது 1881 அக்டோபர் 14.

அதற்கு முன் பல நாள் கடல் மோசமாக இருந்ததால் படகுகள் கிளம்பவில்லை. வீடுகளில் காசு இல்லை. பெண்களும் பிள்ளைகளும் சிப்பியை உரித்துத் தூண்டில் முட்களில் கோத்து வைத்த இரை வீணாகிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை கடல் அமைதியாக இருந்தது. காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தது; புயலுக்கு அறிகுறி அது. பார்த்தார்கள், ஆனாலும் போனார்கள். நண்பகல் வாக்கில் வானம் இருண்டு புயல் பிடித்துக்கொண்டது. திரும்பி ஓடிவந்த படகுகளில் சில, துறைமுக வாயிலில் இருக்கும் ஹர்கர் பாறைகளில் மோதி உடைந்தன. கரையில் நின்ற மனைவிமார், தாய்மார் கண்ணெதிரே. கயிறு வீசினாலும் எட்டவில்லை. அந்தக் கடலோரம் முழுக்க 189 பேர் இறந்தார்கள். அதில் 129 பேர் இந்த ஒரே ஊர்க்காரர்கள். பக்கத்துச் சிற்றூர் பர்ன்மவுத்தில் 24 பேர்.

"என் பாட்டிக்கு அப்போது ஒரு வயது. அவளுடைய அப்பா வரவில்லை" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏரியல் கசெல் என்ற படகின் கதையை மட்டும் அவராகவே சொன்னார். அதில் இருந்தவர்கள் கரைக்கு ஓடிவராமல் நடுக்கடலிலேயே புயலோடு போராடி நின்றார்கள். செத்துவிட்டார்கள் என்று ஊர் அழுதுகொண்டிருந்தபோது ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தார்கள். இதைச் சொல்லும்போது பாட்டியின் முகம் மலர்ந்ததை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் பார்க்க முடிந்தது.

எங்களுக்கு மின்சாரம் வர நான்கு நாள் ஆனது. நான்கு நாளும் அவர் வீட்டுச் சாப்பாடுதான்.

அப்புறம் நானே தேடிப் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். அப்போது பழைய தேவாலயக் கட்டடத்தில் இருந்த அருங்காட்சியகத்தில், நூற்றாண்டு நினைவாக ஊர்ப் பெண்கள் தைத்த பெரிய சித்திரத் துணி இருந்தது. போன படகுகளின் பெயர்களும் ஆட்களின் பெயர்களும் அதில் நூலால் எழுதப்பட்டிருக்கும். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதைப் படிக்கும்போதுதான் 129 என்பதன் பொருள் எனக்குப் புரிந்தது.

கடலோரத்தில் ஜில் வாட்சன் என்ற சிற்பி செய்த வெண்கலச் சிற்பம் இருக்கிறது. 2016இல் வைத்தது. பெயர் 'விடோஸ் அண்ட் பேர்ன்ஸ்'. பேர்ன் என்றால் இவர்கள் பேச்சில் குழந்தை. 78 விதவைகள், 182 பிள்ளைகள், ஒருவர் விடாமல் சின்னச் சின்ன உருவங்களாகக் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். காற்றில் பாவாடை பறக்கிறது, ஒருத்தி இன்னொருத்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இறந்தவர்களைச் செய்யாமல் மிஞ்சியவர்களைச் செய்தது எவ்வளவு சரி என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். ஊரை மறுபடி தூக்கி நிறுத்தியவர்கள் அவர்கள்தானே.

சோகம் மட்டுமே ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். துறைமுகத்தின் எதிர்க்கரையில் கன்ஸ்கிரீன் மாளிகை இருக்கிறது. ஜான் நிஸ்பெட் என்ற வியாபாரி 1750களில் கட்டியது. அவர் தேயிலை கடத்தியவர். சுவருக்குள்ளேயே தேயிலையைக் கொட்டி ஒளித்துவைக்க ஒரு குழி உண்டு! அந்தக் காலத்தில் தேயிலை வரி அப்படி.

ஜூலையில் ஹெர்ரிங் குவீன் திருவிழா. ஹெர்ரிங் என்பது ஒரு மீன். 1939இல் தொடங்கியது. பள்ளி மாணவி ஒருத்தியை அரசியாகத் தேர்ந்தெடுத்து, பக்கத்துச் செயின்ட் ஆப்ஸிலிருந்து மீன்பிடிப் படகில் அழைத்து வருவார்கள். கொடி கட்டிய படகுகள் பின்தொடர்ந்து வரும். நான் முதலில் பார்த்த வருஷம் துறைமுகச் சுவரில் பாட்டியின் பக்கத்தில் நின்றிருந்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். பாட்டி தட்டவில்லை. அவர் பார்வை ஹர்கர் பாறைகள் மேலேயே இருந்தது. கடைசிப் படகும் உள்ளே நுழைந்த பிறகு, "சரி, எல்லாம் வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு என் கையைத் தட்டிக்கொடுத்தார். அப்புறம் இருவரும் ஐஸ்கிரீம் வாங்கப் போனோம்.