மூடின ஃபேக்டரி எடத்துல வீடு கட்டுறதுக்கு முன்னாடி மண்ண டெஸ்ட் பண்ணணுமா வேணாமா?

வண்ணாரப்பேட்டை_குமரன்:
எங்க தெருவுக்குப் பின்னாடி ஒரு பழைய ஃபேக்டரி எடம், மூடி இருவது வருஷம் தாண்டிருச்சு, பேரு வேணாம். பெயின்ட்டுக்கு கலர் பவுடர் பண்ணிட்டு இருந்தாங்க, எங்கப்பா அங்கதான் வேல பாத்தாரு. இப்ப அங்க அடுக்குமாடி வருதாம், கூடவே ஒரு ஸ்கூலும்னு பேச்சு. வரட்டும், சந்தோஷம்தான். ஆனா மழ வந்தா அந்த காம்பவுண்டு செவுத்தோரமா மஞ்சளா தண்ணி கசியும், சின்ன வயசுல நாங்கல்லாம் அதுல காலோட வெளையாடிருக்கோம். மண்ணுல என்ன இருக்குன்னு டெஸ்ட் பண்ணி, ரிப்போர்ட்ட ஜனங்க முன்னாடி வெக்கிற வரைக்கும் ஒரு செங்கல் கூட வெக்கக்கூடாது.

கொருக்குப்பேட்டை_செல்வி:
தம்பி, உங்க பயம் புரியுது. ஆனா நான் இருக்கிறது போர்டு வீட்டுல, ஒரே ரூம்ல ஆறு பேரு, போன மழையில சீலிங் பேந்து என் பொண்ணு படுத்திருந்த கட்டில் மேலயே விழுந்துச்சு, நல்லவேள அவ அப்ப ஸ்கூல்ல இருந்தா. டெஸ்ட்டுனு ஆரம்பிச்சா கேஸு வரும், ஸ்டே வரும், பத்து வருஷம் ஓடிரும். ராணிப்பேட்டைய பாருங்க, 90கள்ல மூடின கம்பெனி விட்டுட்டுப் போன குரோமியம் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல, கால் நூற்றாண்டு தாண்டியும் அங்கயே மலையா கெடந்துச்சு. அங்க டெஸ்ட் பண்ணாமலா விட்டாங்க? எத்தன தடவ பண்ணாங்க! ரிப்போர்ட் வந்துச்சே தவிர மலை நகரல. இன்னொண்ணு, வடசென்னைன்னு சொன்னாலே பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க, இதுல விஷ மண்ணுன்னு வேற பேரு வாங்கணுமா?

மண்ணு_மணி:
நான் 14 வருஷமா போர் போட்டு மண்ணு எடுக்குற வேலையில இருக்கேன், அதனால ஒண்ணு சொல்லிடுறேன். பில்டர் "மண்ணு டெஸ்ட் பண்ணியாச்சு"ன்னு சொல்லுவாரு, அது பொய் இல்ல, ஆனா அது எத்தன அடியில கெட்டி மண்ணு இருக்கு, எவ்ளோ லோடு தாங்கும்னு பாக்குற டெஸ்ட்டு. ஈயம் இருக்கா குரோமியம் இருக்கான்னு அது சொல்லாது. அதுக்கு லேப் வேற, சாம்பிள் எடுக்குற முறையும் வேற.

முதல்ல ஒரு குழி கூட தோண்டத் தேவையில்ல. பழைய ப்ளான், லைசென்ஸ் பேப்பர், சாட்டிலைட் படம், வேல பாத்தவங்க ஞாபகம், இத வெச்சே டேங்க் எங்க இருந்துச்சு, கழிவ எங்க கொட்டுனாங்கன்னு ஒரு வரைபடம் போட்டுரலாம். அப்புறம்தான் சந்தேகமான எடத்துல மட்டும் போர் போட்டு ஆழத்துக்கு ஆழம் மண்ணு, கூடவே நிலத்தடி தண்ணி. நம்ம பக்கம் கடலோர மணலு, தண்ணி மட்டம் மேலயே இருக்கும், ஐப்பசி மழையில ஏறும், சித்திரையில எறங்கும், அதனால ரெண்டு தடவையாவது எடுத்துப் பாக்கணும். மஞ்ச கலருன்னு சொல்றீங்க, அந்தக் காலத்து மஞ்ச பெயின்ட் பவுடர்ல ஈய குரோமேட் நெறைய போட்டாங்க, ஈயமும் குரோமியமும் ரெண்டுமே அதுல இருக்கு. ஆனா கலர மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, சாதா துருத்தண்ணி கூட மஞ்சளாதான் இருக்கும். குடிதண்ணில ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது, இது கண்ணுக்குத் தெரியிற அளவே இல்ல.

குமரன், உங்கப்பா நல்லா இருக்காரா? அவருகிட்ட கேளுங்க.

ராயபுரம்_பாஷா:
செல்வி அக்கா சொல்றதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். தோண்டி எடுத்தா அந்த மண்ணு எங்க போவும்? லாரில ஏத்தி இன்னொரு ஏழ ஜனங்க இருக்கிற ஊருல கொட்டுவாங்க, வழியெல்லாம் தூசி வேற. மேல நல்ல கனமா காங்கிரீட் போட்டு மூடி, கீழ்த்தளத்த கார் பார்க்கிங்கா விட்டுட்டா யாரு காலும் அந்த மண்ணுல படாது. உலகம் பூரா மூடி வெக்கிற முறையும் இருக்கு, அது ஏமாத்து வேல இல்ல.

வண்ணாரப்பேட்டை_குமரன்:
பாஷா பாய், மூடி வெச்ச கத ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல நயாகரா பக்கம் லவ் கெனால்னு ஒரு எடம், ஒரு கெமிக்கல் கம்பெனி சுமார் 20,000 டன் கழிவ பொதச்சு, மேல களிமண்ண போட்டு மூடி, 1953ல ஒரே ஒரு டாலருக்கு ஸ்கூல் போர்டுக்கு வித்துட்டாங்க. கீழ என்ன இருக்குன்னு பத்திரத்துல எழுதியும் இருந்துச்சு. அப்படியும் ஸ்கூல் கட்டுனாங்க, சுத்தி வீடும் ரோடும் சாக்கடையும் வந்துச்சு, அதுக்கெல்லாம் தோண்டினதுல அந்த களிமண் மூடி ஒடைஞ்சுபோச்சு. 1978ல நெலம மோசமாகி குடும்பம் குடும்பமா காலி பண்ண வெச்சாங்க. மூடுனா மட்டும் போதாது பாய், அது ஒடையாம காலத்துக்கும் யாராவது பாத்துக்கணும். நம்ம ஊருல வீடு வாங்குறவன் வில்லங்க சர்டிபிகேட் போட்டுப் பாப்பான், அடமானம் இருந்தா தெரியும், அடியில ஈயம் இருந்தா அதுல தெரியுமா?

ராயபுரம்_பாஷா:
அது சரி, அத ஒத்துக்குறேன். பத்திரத்துலயே எழுதணும், போர் போடக்கூடாதுன்னும் சேத்து எழுதணும்.

கொருக்குப்பேட்டை_செல்வி:
எழுதுங்க, எல்லாம் எழுதுங்க. எத்தன நாள் ஆவும்? அத யாரும் சொல்ல மாட்டேங்கிறீங்க.

மண்ணு_மணி:
கரெக்டான கேள்வி அக்கா. 2025 ஜூலையில மத்திய அரசு கெட்டுப்போன நிலத்துக்குன்னு தனியா ரூல்ஸ் போட்டாங்க. சந்தேக லிஸ்ட்ல வந்த எடத்துக்கு 90 நாள்ல முதல் ஆய்வு, அதுல தேவன்னா அடுத்த மூணு மாசத்துல முழு ஆய்வு, கெடுத்தவன கண்டுபிடிச்சா செலவு அவன் தலையில. ஆனா மறைக்காம சொல்லிடுறேன், அப்ப நாடு பூரா அடையாளம் கண்டது 103 எடம், சுத்தம் பண்ற வேல ஆரம்பிச்சிருந்தது 7 எடத்துலதான்.

கொருக்குப்பேட்டை_செல்வி:
103ல 7. இதத்தான் தம்பி நான் மொதல்லருந்து சொல்றேன்.

வண்ணாரப்பேட்டை_குமரன்:
அக்கா, நேத்து நைட்டு அப்பாகிட்ட கேட்டேன். மொதல்ல எதுக்குடான்னாரு, அப்புறம் அவரே காலண்டர் பேப்பர கிழிச்சு பின்பக்கம் வரைய ஆரம்பிச்சிட்டாரு. ரோட்டுப் பக்கம் ஆபீசும் குடோனும்தான், அங்க மூட்ட மட்டும் அடுக்குவாங்களாம். பவுடர் மில்லு நடுவுல. டிரம் கழுவுனது பின்கேட்டு வேப்பமரத்துக்கிட்ட, அந்தத் தண்ணி ஒரு பள்ளத்துக்குப் போவும், பள்ளம் நெறஞ்சா அதுமேலயே மண்ண தள்ளிட்டு பக்கத்துல புதுப் பள்ளம் வெட்டுவாங்களாம், அப்படி மூணு பள்ளம்னு சொன்னாரு. கை நடுங்குது அவருக்கு, ஆனா மூணையும் குறிச்சுக் குடுத்துட்டாரு.

மண்ணு_மணி:
அந்தப் பேப்பர பத்திரமா வெய்ங்க, முடிஞ்சா அவரு பேசறத வீடியோ எடுத்துருங்க. இது தெரியாம போனா நூறு எடத்துல போர் போட்டாலும் பள்ளத்த தவற விட்டுருவோம்.

கொருக்குப்பேட்டை_செல்வி:
பின்கேட்டா? ப்ளான் போர்டுல நான் பாத்தேன், ஸ்கூல் அங்கதான போட்டிருக்காங்க.

தம்பி, ஸ்கூல அங்கருந்து மாத்தணும், அதுக்கு நானும் உங்ககூட வந்து மனு குடுக்குறேன். ஆனா ரோட்டுப் பக்கம் வெறும் குடோன்னு உங்கப்பாவே சொல்றாரு, அந்தப் பக்கத்த மொதல்ல டெஸ்ட் பண்ணி சுத்தம்னா அங்க வீட்ட ஆரம்பிக்க விடுங்க.

வண்ணாரப்பேட்டை_குமரன்:
பின்னாடி தண்ணி எந்தப் பக்கமா ஓடுதுன்னு தெரியாம முன்னாடி ஆரம்பிக்க எனக்கு மனசு வரல அக்கா. மனுவுக்கு திங்கக்கிழம போலாம்.