குளிர்சாதனப் பெட்டி ஓய்ந்தால் மின்மானி வேகமெடுக்கிறது
வெள்ளவத்தையில் மாடி வீடு. மூன்று மாதங்களாக மாத மின்பாவனை 90 அலகிலிருந்து 140க்கு ஏறிவிட்டது. சந்தேகம் குளிர்சாதனப் பெட்டி மீதுதான்: 260 லீற்றர், இரட்டைக் கதவு, தானாகப் பனி உருக்கும் வகை, 2015இல் வாங்கியது.

கதவு ரப்பரை மாற்றினேன், பலனில்லை. திருத்துபவரோ பெட்டியைத் திறந்தும் பாராமல் புதிது வாங்கச் சொல்கிறார். நேற்றிரவு மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, டோர்ச்சோடு மின்மானி முன் குந்தியிருந்தேன். அதிலுள்ள சிறு விளக்கு 1600 தடவை சிமிட்டினால் ஓர் அலகு. கொம்பிரசர் உறுமும்போது நிமிடத்துக்கு 4, அதாவது 150 வாட், நியாயம்தான். அது ஓய்ந்து வீடே அமைதியான பிறகு நிமிடத்துக்கு 8, அதுவும் முக்கால் மணி நேரம்! இரவில் மூன்று தடவை இப்படி. பிளக்கைக் கழற்றினால் சிமிட்டல் நின்றுவிடுகிறது.

கொம்பிரசரை நிறுத்திப் பனி உருக்கும் ஹீற்றரை இயக்கும் டைமர்தான் பழுதா என்பதை வீட்டிலேயே எப்படி உறுதிப்படுத்துவது?